மண் நிறக் கம்பி

ஹந்தானை,
21 ஜனவரி 2024, ஞாயிறு.

அனற்,

உன்னை சிஸ்டர் என்று எழுதுவதா மகள் என்று எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ஆகவே பெயரை மட்டும் எழுதுகிறேன்.

நீ தெல்தெனிய மடத்துக்குப் போய் ஐந்து மாதம். முதல் வருடப் பயிற்சியில் போன் வைத்திருக்கக் கூடாது, கடிதம் எழுதலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுத எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு விசயம் இருக்கிறது. அது எலெக்ட்ரிக் விசயம். நீ படித்ததும் கண்டி ஹோட்டலில் வேலை பார்த்ததும் அதில்தான் என்பதால் கேட்கிறேன். வேறொன்றுக்கும் இல்லை.

அம்மா வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டில் போட்டு காளான் வளர்க்கிறாள். இருநூறு பை தொங்குகிறது. விடிய ஐந்து மணிக்குப் பறித்தால்தான் முதல் பஸ்ஸில் கண்டிச் சந்தைக்கு அனுப்பலாம். “இருட்டுல தடவித் தடவிப் பறிக்கிறேன். பூரான் கெடந்தாலும் தெரியாது. ஒரு பல்ப் போட்டுக் குடுங்க” என்று ஒரு மாதமாகச் சொன்னாள். ஒரு பல்புதானே என்று நானே இறங்கினேன். முப்பது வருடம் தொழிற்சாலையில் இலை காய வைக்கும் மெசினோடு இருந்தவனுக்கு ஒரு பல்ப் போடத் தெரியாதா என்று நினைத்தேன்.

கடையில் மூன்று கம்பி உள்ள வயர் கொடுத்தான். கபிலம், நீலம், பச்சையில் மஞ்சள் கோடு. நம் வீட்டுச் சுவரில் இருப்பது சிவப்பு, கறுப்பு, பச்சை. ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நானாக யோசித்தேன். எர்த் என்றால் மண். கபிலம் மண் நிறம். ஆகவே கபிலத்தை எர்த்தில் கொடுத்தேன். நீலத்தைச் சிவப்பு இருக்கும் இடத்தில் கொடுத்தேன். மிஞ்சிய பச்சை மஞ்சளைக் கறுப்பில் கொடுத்தேன். கொட்டிலில் பழைய குண்டு பல்ப் ஒன்றை நீலத்திலும் கபிலத்திலும் மாட்டினேன்.

சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க இருட்டு. நீ மூன்று வருடத்துக்கு முன் மாட்டிய பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. தூக்கிவிட்டால் நிற்கிறது. கொட்டில் சுவிட்சைப் போட்டால் திரும்ப விழுகிறது. பதினொரு தடவை பார்த்தேன். பல்ப் நல்ல பல்ப். வயர் புது வயர். எங்கே பிழை என்று விளங்கவில்லை. எழுதவும்.

அமலதாஸ்

(அம்மா எழுதுவது: புள்ள, நல்லா சாப்பிடு. அங்க குளிரா? அப்பா தினமும் அந்தப் பெட்டியைத் தொறந்து பாத்துக்கிட்டு நிக்கிறாரு.)


ஹந்தானை,
28 ஜனவரி 2024.

அனற்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஒரு வாரமாயிற்று. மடத்தில் வேலை அதிகம் போலும். பரவாயில்லை, விசயம் முடிந்துவிட்டது.

மேல் லயத்து வரிசை வீட்டில் இருக்கும் கறுப்பையாவை உனக்குத் தெரியும். தேருக்கு லைட் கட்டுகிறவர். அவர் வந்து பார்த்தார். “இந்த ட்ரிப் சுவிட்ச் சும்மா தொந்தரவு புடிச்ச சாமான். எங்க காலத்துல இது இருந்துச்சா? கழட்டி நேராக் குடுங்க” என்றார். எனக்கு மனம் வரவில்லை. நீ மாட்டியது. ஆனால் அம்மா அன்றைக்கும் இருட்டில்தான் பறித்தாள். ஆகவே மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ட்ரிப் சுவிட்சுக்குப் போகும் கம்பிகளைக் கழற்றி நேராகச் சேர்த்துவிட்டேன். பல்ப் எரிகிறது.

எரிகிறது என்றாலும் கொஞ்சம் மங்கல்தான். அறுபது வாட் பல்ப், குப்பி விளக்கு மாதிரி மஞ்சளாக எரிகிறது. அது ஏன் என்று கறுப்பையாவுக்கும் தெரியவில்லை.

இன்னொன்று. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். இரண்டு நாளாக அம்மா “பிரிட்ஜ் கடிக்குது” என்கிறாள். நான் தொட்டேன், ஒன்றுமில்லை. விடியற்காலையில் மட்டும் கடிக்கிறதாம். பிரிட்ஜ் குசினியில் இருக்கிறது, பல்ப் முப்பது அடி தள்ளிக் கொட்டிலில் இருக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டு தொடச் சொன்னேன். பிரிட்ஜுக்குத்தான் வயதாகிவிட்டது.

அமலதாஸ்

(அம்மா: காளான் வெள்ளையா பூ மாதிரி வருது. நீ பாக்கணும்.)


தெல்தெனிய,
3 பெப்ரவரி 2024, சனி மாலை.

அன்புள்ள அப்பா,

இரண்டு வாரம் மௌனத் தியானத்தில் இருந்தோம். அந்த நாட்களில் கடிதம் தர மாட்டார்கள். இன்று பகல் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கையில் கிடைத்தன. உங்கள் எழுத்தைக் கண்டதும் அழுகை வந்தது. அவசரத்தில் இரண்டாவதை முதலில் பிரித்துவிட்டேன். வாசித்ததும் அழுகை நின்றுவிட்டது.

இதை வாசித்தவுடன் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு வந்து மீதியை வாசியுங்கள்.

பொறுப்பாக இருக்கும் சிஸ்டர் கலாராணியிடம் கேட்டு அலுவலகப் போனில் உங்களை அழைத்தேன். ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை, உடனே துண்டிக்கப்படுகிறது. ஏழு தடவை முயன்றேன். வேறு யாருடைய இலக்கமும் எனக்கு மனப்பாடமில்லை, என் போனை வரும்போதே ஒப்படைத்துவிட்டேன். “நாளைக்கு ஞாயிறு, டிரைவர் இல்ல. திங்கக்கிழமை காலையிலேயே ஹந்தானைக்கு அனுப்புறேன்” என்று சிஸ்டர் சொல்கிறார். இந்தக் கடிதத்தையும் திங்கள் தபாலில்தான் சேர்க்க முடியும். எது முதலில் வருமோ தெரியவில்லை.

கபிலம் மண் இல்லை அப்பா. புது வயரில் கபிலம்தான் கரண்ட் வரும் கம்பி, பழைய சிவப்பு. நீலம் திரும்பிப் போகும் கம்பி, பழைய கறுப்பு. பச்சையில் மஞ்சள் கோடு போட்டதுதான் எர்த். நீங்கள் பல்புக்குப் போன கரண்டைத் திரும்பி வரவிடாமல் எர்த்துக்குள் அனுப்பியிருக்கிறீர்கள். போன கரண்ட் திரும்பி வரவில்லை என்றால் எங்கேயோ ஒழுகுகிறது, யாரையோ தொடுகிறது என்று கண்டுபிடித்து அணைப்பதுதான் ட்ரிப் சுவிட்சின் வேலை. பதினொரு தடவையும் அது சரியாகத்தான் விழுந்தது. அதைத்தான் கழற்றியிருக்கிறீர்கள்.

பிரிட்ஜின் உடம்பும் அதே எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அம்மா விடிய கொட்டில் லைட்டைப் போட்டுவிட்டு வந்து தொடும்போது மட்டும் கடிக்கிறது. நீங்கள் பகலில் தொட்டிருப்பீர்கள். அது வயதான பிரிட்ஜ் இல்லை.

நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். காளான் கொட்டிலில் நாள் முழுக்கத் தண்ணீர் தெளிப்பார்கள், தகரச் சுவர். அது வீட்டு அறை மாதிரி இல்லை. லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். அதுவரை அம்மா டோர்ச் அடித்துப் பறிக்கட்டும்.

ஏன் போன் போகவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. பயமாக இருக்கிறது.

அனற்


ஹந்தானை,
9 பெப்ரவரி 2024.

அனற்,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஞாயிறு விடிய அம்மா கொட்டில் லைட்டைப் போட்டு, பைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, ஈரக் கையோடும் வெறுங் காலோடும் குசினிக்கு வந்து பிரிட்ஜைத் திறந்திருக்கிறாள். நான் படுக்கையில் இருந்தேன். ஒரு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் நிலத்தில் கிடக்கிறாள். வலது கை மணிக்கட்டு திரும்பிக் கிடந்தது. தூக்கி உட்கார வைத்ததும் “லைட்ட நிப்பாட்டுங்க” என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு முன்பே அவளுக்கு விளங்கியிருக்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம். கரண்ட் அடித்ததென்று சொன்னதால் இரண்டு நாள் வைத்து இருதயத்தைப் பார்த்தார்கள். நல்லாயிருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை உங்கள் டிரைவர் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதாகப் பக்கத்தில் சொன்னார்கள். இந்தக் கடிதத்தின் அடியில் அம்மாவின் எழுத்து இல்லாததற்குக் காரணம் இதுதான். அவள் ஏதோ சொல்லத்தான் செய்கிறாள், ஆனால் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டேன். உன்னைத் திட்ட வேண்டாம் என்று என்னைத் திட்டுகிறாள்.

போன் விசயம். ஆகஸ்டில் நீ போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொல்ல மடத்திலிருந்து போன் எடுத்தார்கள். அன்றைக்கே அந்த இலக்கத்தை நான் தடுத்து வைத்தேன். அதை மறந்தும்விட்டேன். நீ சனிக்கிழமை எடுத்திருக்கிறாய். ஞாயிறு அவள் விழுந்தாள். இதை எந்தப் பக்கமாக வைத்து யோசிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று தடையை எடுத்துவிட்டேன். இனி எடுத்து என்ன.

வேறு ஆளைக் கூப்பிடாததும் பணத்துக்காக இல்லை. அந்தப் பெட்டி நீ மாட்டியது. படிக்கும்போது கையெல்லாம் கொப்புளமாக நின்று மாட்டினாய். அதை இன்னொருத்தன் திறந்து குறை சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்த நானே உன் ட்ரிப் சுவிட்சைக் கழற்றினேன். இதுவும் எனக்கே விளங்கவில்லை.

மெயினை அணைத்து வைத்திருக்கிறேன். வீட்டில் மெழுகுதிரி.

அப்பா


தெல்தெனிய,
14 பெப்ரவரி 2024, சாம்பல் புதன்.

அன்புள்ள அப்பா,

பாவங்களை நினைக்கும் நாள் இன்று. நான் இரண்டு நாளாக ஒன்றையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கம்பியை மாற்றிக் கொடுத்தது பிழை. ட்ரிப் சுவிட்சைக் கழற்றியது பெரிய பிழை. ஆனால் அந்த இரண்டும் சேர்ந்தும் அம்மாவைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாது. எர்த் நல்லதாக இருந்திருந்தால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கியிருக்கும், பிரிட்ஜில் நின்றிருக்காது. பல்ப் மங்கலாக எரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அதை வாசித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. முதல் கடிதத்தில் எழுதத் துணிவு வரவில்லை.

பெட்டி மாட்டிய அன்று, மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை வீட்டுக்குப் பின்னால் அடித்தேன். நாலு அடி இறங்க வேண்டும். இரண்டு அடியில் கல். நகர்த்தி வேறு இடத்தில் அடித்துப் பார்த்தேன், அங்கேயும் கல். மறுநாள் எங்களுக்குப் படிப்பித்த சேர் பார்க்க வருகிறார். நான் கம்பியை அறுத்து, இரண்டு அடியில் நிறுத்தி, மேலே மண் போட்டு மூடிவிட்டேன். மீட்டர் வைத்து அளந்ததாகப் பயிற்சிப் பதிவேட்டில் எழுதினேன். அளக்கவில்லை. மழைக் காலத்தில் சமாளித்திருக்கும். தை மாசி வறட்சியில் அந்த இரண்டு அடி மண் காய்ந்த ஓடு மாதிரி.

நீங்கள் அந்தப் பெட்டியை எல்லாரிடமும் காட்டினீர்கள். கறுப்பையா மாமாவிடம், பங்குத்தந்தையிடம்கூட. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே போய்விடுவேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்.

இப்போது எனக்கு ஒன்று பிடிபடவில்லை. நான் இங்கே வந்தது கடவுள் அழைத்ததாலா, அல்லது ஒரு பொய்க்குப் பக்கத்தில் வாழ முடியாமலா? தியானத்தில் இரண்டு வாரம் மௌனமாக இருந்தும் இந்தக் கம்பி ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

சிஸ்டர் கலாராணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இருபத்துநாலாம் தேதி சனிக்கிழமை ஒரு நாள் வீட்டுக்குப் போகலாம், மாலை ஆறுக்குள் திரும்ப வேண்டும் என்றார். நீங்கள் வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

அனற்


ஹந்தானை,
19 பெப்ரவரி 2024.

அனற்,

வா.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “ரெண்டு பேரும் ஆளுக்காள் நான் நான்னு பழிய எடுத்துக்கிறீங்க. கை உடஞ்சது எனக்கு” என்றாள். பிறகு சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மீது கோபம் வந்தது. நாலு நாள் இருந்தது. பொய் எழுதினாய் என்பதற்காகவா, இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்பதற்காகவா, நான் ஊரெல்லாம் காட்டித் திரிந்ததற்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பல்லேகலவில் வேலை செய்யும் லக்ஸ்மன் என்ற லைசன்ஸ்காரரைப் பேசியிருக்கிறேன். சனிக்கிழமை எட்டு மணிக்கு வருவார். நீ செய்கிறதை அவர் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போடுவார். அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

அப்பா


தெல்தெனிய,
26 பெப்ரவரி 2024.

அன்புள்ள அப்பா,

பஸ்ஸில் உங்களுக்குக் கை காட்டக்கூட மறந்துவிட்டேன். சன்னல் கண்ணாடியில் என் முகத்தில் சேறு அப்பியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொட்டிலுக்குக் கீழே வாய்க்கால் ஓரத்தில் கம்பி சர்ரென்று இறங்கியபோது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நாலு அடியும் போயிற்று. லக்ஸ்மன் அண்ணன் மீட்டரை வைத்து இரண்டு தடவை அளந்தார். “இப்ப சரி தங்கச்சி. பழச நீங்கதான் அடிச்சீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். முதல் தடவையாக ஒரு வெளியாளிடம் சொன்னேன். அவர் பழைய கம்பியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டார்.

கொட்டில் வயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்குள் புதைத்தோம். அதற்கென்று தனி பிரேக்கர் வைத்தோம். தண்ணீர் போகாத மூடியுள்ள லைட், சுவிட்ச் கொட்டிலுக்கு வெளியே. ட்ரிப் சுவிட்சைத் திரும்ப மாட்டி, அதன் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பார்த்தீர்கள். விழுந்தது. மாதம் ஒரு தடவை அப்படி அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் லக்ஸ்மன் அண்ணனைக் கூப்பிடுங்கள்.

காலை எட்டிலிருந்து நாலு வரை நாம் பேசியது முழுக்க வயர், கல், குழாய். “அந்தக் குறட்டக் குடு”, “இந்தாங்க”. அம்மா மாவுக்கட்டுக் கையோடு கதவில் சாய்ந்து நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனையோ சொல்ல வந்தேன்.

திரும்பி வந்ததும் சிஸ்டர் கேட்டார்: “வீட்டுக்குப் போயிட்டு வந்தது எப்படி இருக்கு?” “தெரியல சிஸ்டர்” என்றேன். “அப்போ முதல்ல போய் முகத்தக் கழுவுங்க” என்றார்.

உண்மையாகவே தெரியவில்லை அப்பா. அன்றைக்குக் கையில் சேறோடு நின்றபோது சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசம் என்னை வீட்டுக்குக் கூப்பிடுகிறதா என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். இங்கே வந்து மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தேன், அங்கேயும் அதே சந்தோசம் இருந்தது. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. எதை நம்புவது? இங்கேயே இருப்பதா என்று ஜூலையில் முடிவு சொல்ல வேண்டும். அதற்கு முன் மார்ச் பதினேழாம் தேதி ஞாயிறு பெற்றோர் வரும் நாள். நீங்கள் வருவீர்களா என்று கேட்கக்கூடத் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அனற்


ஹந்தானை,
4 மார்ச் 2024.

அன்பு மகள் அனற்,

எழுத உட்கார்ந்தேன், எழுத ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாக வேலை செய்கிறது. கேட்க ஒரு கேள்விகூட மிஞ்சவில்லை. அது ஒரு மாதிரியாக இருக்கிறது.

நேற்று கறுப்பையா வந்து, “மக திரும்பி வருமா அமலதாஸ்?” என்று கேட்டார். ஆகஸ்டிலிருந்து யார் கேட்டாலும் நான் ஒரே பதில்தான் சொல்வேன். மடத்தில் மனதை மாற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்பேன். நேற்று அது வாயில் வந்து நின்றது. சொல்லவில்லை. நான் உன்னிடம் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கறுப்பையாவிடம் பேசினேன், பங்குத்தந்தையிடம் சண்டை பிடித்தேன், அம்மாவிடம் ஐந்து மாதம் முறைத்தேன். உன்னிடம் மட்டும் ஏன் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடத்துக்குப் போக நீ துணிப்பெட்டி கட்டிய அன்று நான் விறகு வெட்டப் போய்விட்டேன்.

வீட்டுக்கு வா என்று எழுத ஒரு மனம் சொல்கிறது. அங்கேயே இரு என்று எழுத எனக்குக் கை வராது. இரண்டையும் எழுதாமல் விடுகிறேன்.

பதினேழாம் தேதி முதல் பஸ்ஸில் நானும் அம்மாவும் வருகிறோம். அவளுக்கு இன்னும் கட்டு அவிழ்க்கவில்லை, இருந்தாலும் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டாள். அங்கே எங்களை எந்த இடத்தில் உட்கார வைப்பார்களோ, எவ்வளவு நேரம் தருவார்களோ தெரியாது. வயரைப் பற்றி நான் ஒன்றும் கேட்க மாட்டேன். ஏன் போனாய் என்று கேட்பேன். உனக்கே தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அதற்குப் பிறகும் நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா
அமலதாஸ்

(அம்மா, இடது கையால: வாறோம் புள்ள.)